வீட்டு மொழி எது? ஆங்கிலம் எவ்வளவு?

(உலகத் தாய்மொழி நாளையொட்டி நமது குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியரான நம் குடியிருப்பு அன்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தாய்மொழி நாள் என்றவுடன் தமிழின் பெருமையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அதற்கு என்னைவிட நல்ல பேச்சாளர்கள் மதுரையில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது நம் வீட்டுக் கதவைத் தட்டப் போகும் ஒரு கேள்வியைப் பற்றி.

2011-க்குப் பிறகு நடக்காமல் இருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்போது வருகிறது. 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் வீடுகளின் பட்டியல் எடுப்பார்கள். சுவர் என்ன, கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் வரும். ஆட்களைப் பற்றிய கணக்கு 2027 பிப்ரவரியில். இந்த முறை காகிதம் கிடையாது, செல்போனில்தான் பதிவு. விருப்பமுள்ளவர்கள் இணையத்தில் தாங்களே நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டு. நம்மைப் போன்ற அடுக்குமாடிக்காரர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிரப்புவோம். கணக்கெடுக்க வரும் ஆசிரியர் எதிரே உட்கார்ந்து விளக்கம் சொல்ல மாட்டார். நாமே யோசித்து எழுத வேண்டும். அதனால்தான் இதை முன்கூட்டியே பேசிவிடலாம் என்று வந்தேன்.

2011 படிவத்தில் மொழி பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, உங்கள் தாய்மொழி எது? இரண்டு, அது போக வேறு என்ன மொழிகள் தெரியும்? இரண்டாவதில் இரண்டு மொழிகள் வரை சொல்லலாம். தாய்மொழிக் கேள்வி 1881 முதல் கேட்கப்பட்டு வருகிறது. இந்த முறையும் இது போன்ற கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

தாய்மொழி என்றால் என்ன என்று கணக்கெடுப்பாளர்களுக்குத் தெளிவாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருவருடைய சின்ன வயதில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழிதான் தாய்மொழி. கைக்குழந்தையிலேயே தாயை இழந்தவர் என்றால், அந்த வயதில் வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. அதற்கு எழுத்து இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே வீட்டில் எல்லோருக்கும் ஒரே தாய்மொழி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மருமகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று இருக்கலாம். இரண்டாவது கேள்விக்கு அந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. புரிந்துகொண்டு பேசத் தெரிந்தால் போதும்.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். வடக்கே போனால் மதுரை. அங்கே பல தெருக்களில் வாசலில் தமிழ், அடுப்படியில் சௌராஷ்டிரம். தெற்கேயும் மேற்கேயும் கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் போனால் நாயக்கர் காலத்திலிருந்து தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய. மதுரையில் உருது வீடுகள் உண்டு. கொல்லம் சாலை நம் ஊரில்தான் தொடங்குகிறது, மலையாளம் கேட்காத நாள் இல்லை. கப்பலூர் சிட்கோவில் வேலை பார்க்கும் வடமாநிலத் தம்பிகள் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் பேசுகிறார்கள். நம் குடியிருப்பில் லிப்ட் ஒரு தளம் ஏறி இறங்குவதற்குள் மூன்று மொழி காதில் விழுகிறது.

ஆனால் யாரைக் கேட்டாலும் "நமக்கு எல்லாம் தமிழ்தானே சார்" என்பார்கள். அது அன்பினால் சொல்வது. தமிழ் பேசும் ஊரில் நானூறு, ஐந்நூறு வருஷமாக வாழ்ந்து, தமிழில் படித்து, தமிழில் கும்பிட்டு வந்தவர்கள் அப்படிச் சொல்வது இயல்புதான். ஆனால் கணக்கு என்பது வேறு. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 88 சதவீதத்துக்குச் சற்று மேல். தெலுங்கு 42 லட்சம் பேர். கன்னடமும் உருதும் தலா 12 லட்சத்துக்கு மேல். மலையாளம் 7 லட்சத்துக்கு மேல். சௌராஷ்டிரம் இந்தியா முழுவதும் சேர்த்து 2.47 லட்சம், அதில் 2.38 லட்சம் நம் மாநிலத்தில். ஒரு மொழியின் மக்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இருப்பது தமிழ்நாட்டில்தான், அதில் பெரிய கூட்டம் நம் மதுரையில் என்றால், அந்த மொழியைக் காப்பாற்றும் பொறுப்பும் இந்த ஊரைத்தானே சேரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சௌராஷ்டிரம் என்று சொன்னவர்களின் எண்ணிக்கையைத் தனியாகக் காட்டினாலும், மொழிப் பட்டியலில் அதைக் குஜராத்தியின் கீழ்தான் சேர்த்திருக்கிறார்கள். போஜ்புரியை இந்தியின் கீழ் சேர்த்ததும் அப்படித்தான். பத்தாயிரம் பேருக்குக் குறைவாகச் சொன்ன மொழிகள் 'மற்றவை' என்ற பெட்டிக்குள் போய்விடும். 2011-ல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. ஆராய்ந்து, சேர்த்து, சுருக்கிய பிறகு பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகளாக நின்றவை 121. சொன்ன மொழிக்கே இந்தக் கதி என்றால், சொல்லாத மொழி எங்கே போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

"சரி சார், எண்ணிக்கை தெரிந்து என்ன ஆகப் போகிறது?" நியாயமான கேள்வி. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. 1956-ல் சேர்த்தது. ஒரு பகுதியில் ஒரு சிறுபான்மை மொழியைப் பேசுபவர்கள் 15 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், முக்கியமான அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. இந்த 15 எங்கிருந்து வரும்? நாம் நிரப்பும் படிவத்திலிருந்துதான்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே கேட்கும் முறை கொஞ்சம் வேறு. வீட்டில் ஆங்கிலம் அல்லாத மொழி பேசுகிறீர்களா, பேசினால் எந்த மொழி, உங்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேச வரும் என்று மூன்று கேள்வி. மூன்றாவதற்கு நான்கு பதில்: மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக வராது, அறவே வராது. 1980 முதல் இப்படிக் கேட்கிறார்கள். பரீட்சை எதுவும் கிடையாது, அவரவர் சொல்வதுதான். 'மிக நன்றாக' என்பதற்குக் கீழே சொன்னவர்களை ஆங்கிலத்தில் உதவி தேவைப்படுபவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் அப்படிப்பட்ட வாக்காளர்கள் பத்தாயிரத்துக்கு மேலோ, ஐந்து சதவீதத்துக்கு மேலோ இருந்தால், வேறு சில நிபந்தனைகளையும் பார்த்து, அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு அச்சிட வேண்டும் என்பது சட்டம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 2013-ல் வங்காள மொழியில் வாக்குச்சீட்டு வந்தது இப்படித்தான். கூச்சப்பட்டு எல்லோரும் "ஆங்கிலம் மிக நன்றாக வரும்" என்று எழுதியிருந்தால் அது வந்திருக்காது.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலப் பாடம் நடத்திச் சாப்பிட்டவன் நான். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவும் கூடாது. 2005-ல் நாடு முழுவதும் எடுத்த ஒரு பெரிய குடும்ப ஆய்வில், ஆங்கிலம் பேசவே தெரியாதவர்களைவிடச் சரளமாகப் பேசும் ஆண்களின் மணிக்கூலி சராசரியாக 34 சதவீதம் கூடுதல், ஓரளவு பேசுபவர்களுக்கு 13 சதவீதம் கூடுதல் என்று பொருளாதார அறிஞர்கள் கணக்கிட்டார்கள். படிப்பையும் மற்ற வித்தியாசங்களையும் கழித்த பிறகு வந்த கணக்கு இது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. படிப்பு குறைவான இளைஞர்களுக்கு ஆங்கிலம் மட்டும் இருந்து பெரிய பலன் இல்லை. படிப்போடு சேர்ந்த ஆங்கிலத்துக்குத்தான் காசு. அதே ஆய்வில், சரளமாகப் பேசுகிறோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான்.

மக்கள்தொகைக் கணக்கையும் பாருங்கள். 2011-ல் ஆங்கிலம் தாய்மொழி என்று சொன்னவர்கள் 121 கோடியில் 2.6 லட்சம் பேர். இரண்டாவது, மூன்றாவது மொழியாக ஆங்கிலம் தெரியும் என்று சொன்னவர்கள் 12 கோடிக்கு மேல். ஆக, ஆங்கிலம் தெரிந்த ஏறத்தாழ எல்லோருமே வீட்டில் இன்னொரு மொழியை வைத்துக்கொண்டுதான் அதைக் கற்றிருக்கிறார்கள். வீட்டு மொழியைக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தை வாங்க வேண்டும் என்ற பயம் எங்கிருந்து வந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

ஆனால் பயம் இருக்கிறது. மாடிப்படியில் தினமும் கேட்கிறேன். "பேபி, கம் கம். ஷூ போடு. வாட்டர் குடி. டாகி பாரு, டச் பண்ணாதே." யாரையும் குறை சொல்லவில்லை, பிள்ளை முன்னேற வேண்டும் என்ற ஆசைதான் இது. ஆனால் ஆசிரியனாகச் சொல்கிறேன், இதில் பிள்ளைக்கு ஆங்கிலம் வருவதில்லை. இப்படி ஏவிக்கொண்டே இருப்பதில் மொத்தம் ஐம்பது, அறுபது சொல்லுக்கு மேல் தேறாது. அதே நேரத்தில் தமிழில் கிடைத்திருக்க வேண்டியதும் போய்விடுகிறது.

ஓர் உதாரணம். தடுக்கி விழுந்தான், வழுக்கி விழுந்தான், இடறி விழுந்தான், மயங்கி விழுந்தான். நம் அப்பத்தாக்கள் இதையெல்லாம் மாற்றிச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றும் வேறு என்று தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் 'டிரிப்' என்பதும் 'ஸ்லிப்' என்பதும் 'ஃபெயின்ட்' என்பதும் ஒரு நாள் பாடம். அர்த்தம் ஏற்கெனவே மண்டையில் இருக்கிறது, பெயர் மட்டும் புதுசு. 'ஃபால் டவுன்' மட்டுமே தெரிந்த பிள்ளைக்கு எல்லா விழுதலும் ஒரே விழுதல்தான். அவனுக்கு நான் சொல்லையும் கொடுக்க வேண்டும், அர்த்தத்தையும் கொடுக்க வேண்டும். கனடாவைச் சேர்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி அறிஞர் 1979-லேயே இதை எழுதியிருக்கிறார். முதல் மொழியில் ஊன்றியது இரண்டாம் மொழிக்கு உதவும் என்பது அவர் கருத்து. வகுப்பறையில் நான் பார்த்ததும் அதுதான். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள் மூன்றாவதாக ஆங்கிலத்துக்கு வரும்போது பயப்படவே மாட்டார்கள். மொழி மாறுவது அவர்களுக்கு அறை மாறுவது மாதிரி.

பெரியவர்களையும் பாருங்கள். தமிழ் உச்சரிப்பு என்றால் இன்றைக்கும் டி.எம்.சௌந்தரராஜனைச் சொல்கிறோம். மதுரைக்காரர், அவர் வீட்டு மொழி சௌராஷ்டிரம். கரிசல் காட்டுப் பேச்சுத் தமிழுக்கு அகராதியே தொகுத்த கி.ராஜநாராயணன் இடைசெவலில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்தவர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். வீட்டு மொழி அவர்களுடைய தமிழைக் கெடுக்கவில்லை. பிறகு நம் வீட்டுத் தமிழோ, தெலுங்கோ, உருதோ பிள்ளையின் ஆங்கிலத்தை மட்டும் எப்படிக் கெடுக்கும்?

இதைவிட எனக்குக் கவலையான விஷயம் ஒன்று இருக்கிறது. நம் குடியிருப்பில் பல வீடுகளில் அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு மாலை வரை வீட்டில் இருப்பது பாட்டியும் பேரப்பிள்ளையும்தான். பாட்டிக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கடுக்குது" என்பாரா, "குத்துது" என்பாரா, "எரியுது" என்பாரா, "இடது கை உளையுது" என்பாரா? அந்த வித்தியாசம்தான் டாக்டருக்கு வேண்டும். 108-க்குப் போன் செய்ய வேண்டியது பத்து வயசுப் பிள்ளை. பாட்டி சொன்னது அவனுக்குப் புரிந்து, அதை அவன் அங்கே தமிழில் திருப்பிச் சொல்ல முடிய வேண்டும். நூற்றுக்கு நூறு ஆங்கிலத்தில் வாங்கிய பிள்ளைக்கு உளைச்சல் என்றால் என்னவென்று தெரியாவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வான்? வீட்டு மொழி பழம்பெருமைக்கானது என்று நினைக்காதீர்கள். அந்தப் பத்து நிமிஷத்துக்கானது.

அதே கண்ணோடு நம் குடியிருப்பையும் ஒரு சுற்று பாருங்கள். லிப்ட் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒட்டியிருப்பது ஆங்கிலத்தில். தீயணைப்பானை எப்படி இயக்குவது என்பதும் ஆங்கிலத்தில். தொட்டி கழுவும் நாள், மின்தடை, கேஸ் குழாய்ப் பழுது எல்லாம் வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வருகிறது. அந்த நேரத்தில் கட்டடத்தில் இருப்பவர் யார்? காவலாளி, துப்புரவு செய்யும் அம்மாக்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், பெரியவர்கள். யாருக்கு அவசரமோ அவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதி வைத்திருக்கிறோம். இதை மாற்ற ஆயிரம் ரூபாய் கூட ஆகாது.

ஆகவே சங்கத்துக்கும் உங்களுக்கும் நான்கு வேண்டுகோள்.

முதலாவது. கணக்கெடுப்பில் தாய்மொழிக் கேள்விக்கு, உங்கள் அம்மா உங்களிடம் பேசிய மொழியைச் சொல்லுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக யோசித்து எழுதுங்கள். சௌராஷ்டிரம் என்றால் சௌராஷ்டிரம், தெலுங்கு என்றால் தெலுங்கு. தமிழை அடுத்த கேள்வியில் எழுதினால் தமிழுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளை ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறது என்பதற்காக அதன் தாய்மொழியை ஆங்கிலம் என்று போட்டுவிடாதீர்கள். ஆங்கிலம் பேசப் புரிந்தால் 'வேறு மொழிகள்' வரிசையில் போடுங்கள். பாட்டிக்கு எழுதத் தெரியாவிட்டாலும் அவர் பேசும் இரண்டாவது மொழியையும் விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது. ஆபத்து நேரத்து அறிவிப்புகள் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தமிழிலும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் முக்கியச் செய்திகளைத் தமிழில் ஒரு குரல் பதிவாகவும் போடுங்கள். படிக்க முடியாதவர் கேட்டுக்கொள்வார். காவல் பணியில் வெளிமாநிலத்தார் இருந்தால் அவர் மொழியிலும் ஒரு தாள் இருக்கட்டும்.

மூன்றாவது. வீட்டுக்கு ஒரு சிறு தாள். எந்த மொழியில் அறிவிப்பு வேண்டும், அவசரத்துக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள், இந்த இரண்டு கேள்வி போதும். வீட்டில் பேசும் மொழியைக் கேட்டால் சாதியைத் தூண்டித் துருவுவது போல ஆகிவிடுமோ என்று சிலருக்குச் சங்கடம் இருக்கும். அந்தச் சங்கடம் நியாயமானது. அதனால்தான் வேறு எதையும் கேட்க வேண்டாம் என்கிறேன். விருப்பமுள்ளவர்கள் எழுதினால் போதும், தாள் செயலாளரிடம் மட்டும் இருக்கட்டும்.

நான்காவது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இந்தக் கூடத்தைத் திறந்து வையுங்கள். முதல் அரை மணி நேரம் ஒரு பெரியவர் தன் வீட்டு மொழியில் கதை சொல்லட்டும். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் தெலுங்கு, ஒரு வாரம் சௌராஷ்டிரம், ஒரு வாரம் உருது. புரியாத பிள்ளைகளுக்குப் புரிந்த பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பார்கள். அடுத்த அரை மணி நேரம் நான் அதே கதையை ஆங்கிலத்தில் சொல்ல வைக்கிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் மட்டும் என்றில்லை, துப்புரவுப் பணியாளர்களும் காவலாளிகளும் வரலாம். ஆங்கிலம் கற்றுக்கொள்ளும் ஆசை அவர்களுக்கும் உண்டு, என்னிடம் கேட்டும் இருக்கிறார்கள்.

முதல் வாரக் கதைக்கு ஓர் ஆள் வேண்டும். ஏ பிளாக்கில் மூன்றாவது மாடி அம்மாச்சி ஒருவர் தலையாட்டுவது தெரிகிறது. பிள்ளைகளே, அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.